பனியன் கம்பெனி பில்களைத் தானாக நகர்த்துவது: பேப்பர்லெஸ்ஸில் எதுவரை முடியும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. நூல் பில், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில்கள், அவற்றோடு வரும் டிசிகள் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்கள்) எல்லாம் சேர்ந்து மாதம் சில நூறு காகிதங்கள். ஸ்கேன் செய்த காகிதங்களைச் சேமித்துத் தேட உதவும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் மென்பொருள் போட்டாகிவிட்டது, ஸ்கேன் செய்வதும் நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் வைத்து, டேக் போட்டு, "இந்த பில் பாஸ் பண்ணலாமா" என்று மேனேஜரைக் கேட்க ஓர் ஆள் முழுநேரமும் உட்கார வேண்டியிருக்கிறது. இதில் எவ்வளவு தானாக நடக்கும்?

நிறையவே நடக்கும். ஆனால் எதைத் தானாக விடலாம், எதை விடக்கூடாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயத்தை வைத்து அது நகரட்டும். ஊகிக்க வேண்டிய இடம் வந்தால் நின்று ஆளைக் கூப்பிடட்டும். பெயர் வைக்காமல் கிடக்கும் பில் கண்ணில் படும், யாராவது எடுத்துச் சரிசெய்வார்கள். வேறு பார்ட்டியின் பெயரில் ஓசைப்படாமல் போய் உட்கார்ந்த பில்லை யாரும் தேடமாட்டார்கள். பணம் கேட்டு பார்ட்டி போன் செய்யும்போதுதான் தெரியவரும்.

பேப்பர்லெஸ்ஸில் வொர்க்ஃப்ளோ என்பது இரண்டு பாகம்: எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் டிரிகர், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆக்‌ஷன். டிரிகரில் நான்கு வகை உண்டு. ஆவணம் உள்ளே வரத் தொடங்கும்போது, சேர்ந்து முடிந்தபின், யாராவது அதில் மாற்றம் செய்யும்போது, குறிப்பிட்ட தேதியை ஒட்டி. பெரும்பாலோர் தடுமாறுவது முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். உள்ளே வரத் தொடங்கும்போது ஓசிஆர், அதாவது படத்திலிருந்து எழுத்துகளைப் படிக்கும் வேலை, இன்னும் ஓடியிருக்காது. பில்லுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த நேரத்தில் மென்பொருளுக்குத் தெரியாது. ஃபைல் பெயர், எந்த ஃபோல்டரில் விழுந்தது, மெயிலில் வந்ததா, யாராவது பிரவுசரில் ஏற்றினார்களா, இவ்வளவுதான் தெரியும். "பில்லில் டையிங் என்ற சொல் இருந்தால்" என்ற நிபந்தனையை ஆவணம் சேர்ந்து முடிந்த டிரிகரில்தான் வைக்க முடியும். "வொர்க்ஃப்ளோ போட்டேன், ஓடவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதே காரணத்தால், முதல் டிரிகரை ஃபோல்டருக்காகப் பயன்படுத்துங்கள். ஸ்கேனர் போடும் ஃபைல்களைப் பேப்பர்லெஸ் எடுத்துக்கொள்ளும் ஃபோல்டருக்குள் 'நூல்', 'டையிங்', 'பிரிண்டிங்', 'டிசி' என்று துணை ஃபோல்டர்கள் வையுங்கள். துணை ஃபோல்டர்களையும் பார்க்கச் சொல்லும் அமைப்பு ஆரம்பத்தில் அணைந்திருக்கும், அதை இயக்க வேண்டும். இப்போதைய அலுவலக ஸ்கேனர்கள் பலவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஃபோல்டர் ஒதுக்கலாம். ஸ்கேன் செய்யும் தம்பி எந்த பட்டனை அழுத்துகிறாரோ, அதை வைத்தே ஆவண வகை முடிவாகிவிடும். ஓசிஆர் ஊகிக்க வேண்டியதில்லை. கையில் எழுதிய டிசிக்கு இதுதான் ஒரே நம்பகமான வழி. பேப்பர்லெஸ்ஸுக்குள் இருக்கும் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் அச்செழுத்துக்காகச் செய்யப்பட்டது. பால்பாயின்ட் பேனாவில், கார்பன் வைத்து, மஞ்சள் தாளில் எழுதிய "காட்டன் சிங்கிள் ஜெர்சி 214 கிலோ" என்பதை அது படிக்கும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

மெயிலில் வரும் பில்கள் இன்னும் சுலபம். பில்லுக்கென்றே ஒரு மெயில் முகவரி வைத்து, எல்லா பார்ட்டிகளையும் அதற்கே அனுப்பச் சொல்லுங்கள். பேப்பர்லெஸ் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைப் பார்க்கும். விதி எழுதும்போது இணைப்புகளை மட்டும் எடுக்கச் சொல்லி, ஃபைல் பெயரில் பிடிஎஃப் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் மெயிலின் அடியில் இருக்கும் கம்பெனி லோகோகூட ஓர் ஆவணமாக உள்ளே வந்து உட்காரும். பார்ட்டி டாலி கணக்கு மென்பொருளிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃப்பை அனுப்பினால் இன்னொரு லாபம் உண்டு. அதற்குள் எழுத்துகள் ஏற்கெனவே இருப்பதால் பேப்பர்லெஸ் ஓசிஆர் செய்யாமல் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும், ஓரெழுத்தும் பிசகாது. அதே பில்லை அவர் பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தச் சுத்தம் எல்லாம் போய்விடும். பெரிய பார்ட்டிகளிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்தே தீர வேண்டியவற்றுக்கு 300 டிபிஐ வையுங்கள்.

அடுத்தது, பில் யாருடையது என்று கண்டுபிடிப்பது. இங்கே பலரும் பார்ட்டி பெயரை வைத்துப் பொருத்தப் பார்க்கிறார்கள். திருப்பூரில் அது ஆபத்து. ஒரே சாமி பெயரில் டையிங்கும் இருக்கும், பிரிண்டிங்கும் இருக்கும், இரண்டு தெரு தள்ளி அதே பெயரில் நிட்டிங்கும் இருக்கும். பெயரை விடுங்கள், ஜிஎஸ்டி எண்ணைப் பிடியுங்கள். 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவர்களுடைய பான் எண். பிறகு அந்த மாநிலத்தில் அந்தப் பானுக்கு எத்தனையாவது பதிவு என்ற எழுத்து, அப்புறம் பெரும்பாலும் இசட், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. பேப்பர்லெஸ்ஸில் ஒவ்வொரு பார்ட்டியையும் உருவாக்கும்போது, பொருத்தும் சொல்லாக அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, அச்சுப்பிசகாத பொருத்தம் என்று வையுங்கள். ஸ்கேன் தரம் மோசமான பார்ட்டிகளுக்கு மட்டும் ஃபஸி பொருத்தம் போதும். சைபரை 'ஓ' என்றும் ஐந்தை 'எஸ்' என்றும் ஓசிஆர் ஓரிடத்தில் தவறாகப் படித்தாலும் அது பிடித்துக்கொள்ளும்.

ஒன்று கவனியுங்கள். எல்லா பில்லிலும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். உங்கள் கம்பெனியையே ஒரு பார்ட்டியாகச் சேர்த்து அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், வருகிற ஒவ்வொரு பில்லிலும் அது குறுக்கே வரும். அதேபோல நீங்கள் டையிங்குக்கு அனுப்பிய டிசியிலும் டையிங்காரர் எண் இருக்கும். அது அவருடைய கணக்கிலேயே விழட்டும், தவறில்லை. பில்லா டிசியா என்று பிரிப்பது ஃபோல்டரின் வேலை.

தானாகக் கற்றுக்கொள்ளும் பொருத்தமும் பேப்பர்லெஸ்ஸில் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே வகைப்படுத்தியவற்றைப் பார்த்துப் பழகி, புதிதாக வருவதை ஊகிக்கும். இன்னும் ஆள் பார்க்கவில்லை என்பதைக் குறிக்கும் இன்பாக்ஸ் டேக் இருக்கும் ஆவணங்களிலிருந்து அது கற்காது, ஆள் பார்த்து டேக்கை எடுத்தபிறகே கற்கும். நல்ல ஏற்பாடு. இன்ஷூரன்ஸ், மின்கட்டணம், கூரியர் ரசீது மாதிரி தவறினாலும் நஷ்டமில்லாத காகிதங்களுக்கு அதைத் தாராளமாக விடுங்கள். பணம் போகும் பில்லுக்கு வேண்டாம்.

இனி இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப் படும் இடம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்குக் கொடுக்கும் பில்லை அரசுப் போர்ட்டலில் பதிவான இ-இன்வாய்ஸாகப் போட வேண்டும். நூல் மில்களும் பெரிய டையிங்குகளும் இதில் வந்துவிடுவார்கள். அந்த பில்லில் ஒரு க்யூஆர் கோடு இருக்கிறதல்லவா, அதைப் பெரும்பாலான கம்பெனிகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விற்றவர் ஜிஎஸ்டி எண், வாங்கியவர் ஜிஎஸ்டி எண், பில் நம்பர், பில் தேதி, மொத்தத் தொகை, எத்தனை வரி ஐட்டம், முதன்மைப் பொருளின் எச்எஸ்என் குறியீடு, ஐஆர்என் என்ற 64 எழுத்து அடையாளம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, அரசுப் போர்ட்டலின் டிஜிட்டல் கையொப்பத்தோடு. ஓசிஆர் வைத்து மொத்தத் தொகை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பார்ட்டியின் பில்லுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்டுவதை இது தேவையில்லாமல் செய்துவிடுகிறது.

பேப்பர்லெஸ் இதைத் தானாகப் படிக்காது. அதில் உள்ள பார்கோடு வசதி, கட்டுக்கட்டாக ஸ்கேன் செய்யும்போது ஆவணங்களைப் பிரிக்கவும், காகிதத்தில் ஒட்டிய வரிசை எண்ணைப் படிக்கவும், டேக் போடவும்தான். ஆனால் ஒவ்வொரு ஆவணமும் சேர்ந்து முடிந்ததும் நீங்கள் கொடுக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டை அது ஓட்டும், ஆவண எண்ணையும் அதன் கையில் கொடுக்கும். பைத்தான் தெரிந்த பையனுக்கு ஓரிரு நாள் வேலை. பக்கத்தைப் படமாக்கி க்யூஆரைப் படித்தால், புள்ளியால் பிரிந்த மூன்று துண்டுகள் கொண்ட நீளமான எழுத்துத் தொடர் வரும். நடுத்துண்டை பேஸ்64 முறையில் பிரித்தால் மேலே சொன்ன விவரங்கள். மூன்றாவது துண்டு கையொப்பம், அதைப் போர்ட்டலின் பொதுச்சாவியை வைத்துச் சரிபார்க்கலாம். கிடைத்ததைப் பேப்பர்லெஸ்ஸின் ஏபிஐ (வேறு நிரல்கள் அதோடு பேசும் வழி) மூலமாக 'பில் நம்பர்', 'பில் தேதி', 'தொகை', 'ஐஆர்என்' என்று நீங்களே உருவாக்கும் கஸ்டம் ஃபீல்டுகளில் எழுதிவிடுங்கள்.

பில் தேதியைத் தனி ஃபீல்டில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேப்பர்லெஸ் தானே கண்டுபிடித்துப் போடும் தேதி, ஆவணத்தில் தென்படும் தேதிகளில் ஒன்று, அவ்வளவுதான். அது ஆர்டர் தேதியாகவும் இருக்கலாம், இ-வே பில் தேதியாகவும் இருக்கலாம். பின்னால் சொல்லப்போகும் 180 நாள் கெடு பில் தேதியை நம்பித்தான் நிற்கிறது.

வரிசையும் முக்கியம். ஆவணம் சேர்ந்ததும் ஓடும் வொர்க்ஃப்ளோக்கள் முதலில் ஓடிவிடும், அதன்பிறகே இந்த ஸ்கிரிப்ட் ஓடும். ஆகவே தொகையையோ பில் நம்பரையோ பார்த்துச் செய்ய வேண்டிய எதையும் 'சேர்ந்தபின்' டிரிகரில் வைக்காதீர்கள், அப்போது அந்த ஃபீல்டு காலியாக இருக்கும். ஸ்கிரிப்ட் ஃபீல்டை நிரப்புவதே ஒரு மாற்றம் என்பதால் 'மாற்றம்' டிரிகர் தட்டும். அங்கே வையுங்கள்.

அதே ஸ்கிரிப்ட்டில் இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். ஒரே பில் மெயிலில் பிடிஎஃப்பாக வரும், வாட்ஸ்அப்பில் படமாக வரும், சரக்கு வண்டியில் காகிதமாகவும் வரும். அதே ஃபைல் அச்சு அசலாக மறுபடி வந்தால்தான் பேப்பர்லெஸ் கண்டுபிடிக்கும். மூன்று வழியில் வந்தால் அதைப் பொறுத்தவரை மூன்று ஆவணம். ஐஆர்என் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்த்து, இருந்தால் 'இரட்டை' என்று டேக் போடட்டும். இ-இன்வாய்ஸ் இல்லாத சின்ன பார்ட்டிகளுக்கு ஜிஎஸ்டி எண், பில் நம்பர், நிதியாண்டு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே பில் நம்பரை ஆள்தான் அடிக்க வேண்டியிருக்கும். ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவதைத் தடுத்தாலே இந்த உழைப்புக்கு ஈடாகிவிடும்.

சரி, பில் பாஸ். இங்கேதான் நான் பிரேக் போடுவேன். மேனேஜர் ஒரு டையிங் பில்லைப் பாஸ் பண்ணும்போது என்ன பார்க்கிறார்? அந்த ஷேடுக்குப் பேசிய ரேட்டா, போன துணி எவ்வளவு, வந்தது எவ்வளவு, வெயிட் லாஸ் நியாயமானதா, ஷேடு சரியில்லாமல் திருப்பியனுப்பிய ரோல் கணக்கில் கழிந்திருக்கிறதா. இதில் எதுவும் பில்லைப் படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. மென்பொருள் செய்ய வேண்டியது, பில்லையும் அதற்கான டிசிகளையும் ஒன்றாக அவர் முன் வைப்பது, முடிவு வந்ததும் அடுத்த ஆளிடம் சேர்ப்பது. ஆவணத்தோடு ஆவணத்தை இணைக்கும் கஸ்டம் ஃபீல்டு இருக்கிறது, பில்லுக்குள்ளிருந்தே டிசியைத் திறக்கலாம்.

அமைப்பு இப்படி இருக்கட்டும். புதிதாக வரும் எல்லாவற்றுக்கும் இன்பாக்ஸ் டேக். அக்கவுண்டன்ட் பார்ட்டியும் தொகையும் சரிதானா என்று பார்த்து, டிசியை இணைத்து, இன்பாக்ஸை எடுத்துவிட்டு 'பாஸுக்கு' என்ற டேக்கைப் போடுவார். மேனேஜருக்கு அந்த டேக் உள்ளவை மட்டும் தெரியும்படி ஒரு வியூ சேமித்துக் கொடுங்கள். அவர் 'பாஸ் ஆனது' என்று டேக் போட்டால் 'மாற்றம்' டிரிகர் உள்ள வொர்க்ஃப்ளோ ஓடி, கேஷியருக்கு பில்லோடு மெயில் போகும். அதே வொர்க்ஃப்ளோவே 'பாஸுக்கு', 'பாஸ் ஆனது' இரண்டு டேக்கையும் எடுத்துவிட்டு 'பணம் கொடுக்கணும்' என்று போட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். தட்டிவிட்ட டேக் அப்படியே இருந்தால், பிற்பாடு யாராவது அந்த ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நிபந்தனை பொருந்தி மறுபடி மெயில் போகும். கேஷியர் இரண்டு நாள் பார்ப்பார், அப்புறம் அந்த மெயில்களைத் திறப்பதையே விட்டுவிடுவார்.

மெயிலுக்குப் பதில் வாட்ஸ்அப் வேண்டும் என்று கேட்பார்கள். வெப்ஹூக் ஆக்‌ஷன் வழியாக எந்தச் சேவைக்கும் தகவல் அனுப்பலாம். ஆனால் வாட்ஸ்அப் பிசினஸில் நாமாகத் தொடங்கும் செய்திக்கு முன்கூட்டியே டெம்ப்ளேட் ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளுக்குள் இருக்கும் நாலு பேருக்கு டெலிகிராம் பாட் போதும்.

இந்தப் பாஸ் எவ்வளவு கட்டுப்பாடானது? ஆவணத்தைத் திருத்தும் உரிமை உள்ள யார் வேண்டுமானாலும் அந்த டேக்கைப் போட முடியும். யார் எப்போது போட்டார் என்பது ஆவணத்தின் வரலாற்றில் பதிவாகும், தடுக்காது. குடும்பமும் நம்பகமான ஆட்களும் நடத்தும் கம்பெனிக்கு இது போதும். கொள்முதல்காரர் ஒருவர், பாஸ் பண்ணுபவர் வேறொருவர், இருவரும் ஒருவரே ஆகக்கூடாது என்று கட்டாயம் வேண்டுமானால் பேப்பர்லெஸ் அதற்கான கருவி இல்லை. மேயன் ஈடிஎம்எஸ் என்ற இன்னோர் ஆவண மென்பொருளில் ஒவ்வொரு நிலையையும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகலாம் என்பதையும் முறையாக வரையறுக்க முடியும். மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஷேர்பாயின்ட்டும் பவர் ஆட்டோமேட்டும் அப்ரூவலை நன்றாகவே செய்யும். ஒன்று மட்டும்: பவர் ஆட்டோமேட்டில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். தகராறில் இரண்டு மாதம் கிடக்கும் பில்லுக்கு அது தாங்காது, அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும்.

தேதி டிரிகருக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் உண்மையில் மிச்சமாவது இங்கேதான். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பார்ட்டிக்குப் பணம் கொடுக்காவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். 'பணம் கொடுக்கணும்' டேக் இருக்கும் பில்லுக்கு, பில் தேதி ஃபீல்டிலிருந்து 150ஆவது நாள் மெயில் வரும்படி ஒரு வொர்க்ஃப்ளோ போடுங்கள். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் கெடு இன்னும் குறைவு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி நிற்கும் தொகையை வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். உங்கள் ஜாப் ஒர்க் பார்ட்டிகளில் பெரும்பாலோர் இந்த வகைதான். அந்தப் பார்ட்டிகளின் பில் சேர்ந்ததும் 'உத்யம்' டேக் தானாக விழட்டும், அதற்குத் தனி நினைவூட்டல் ஒன்று. நாள்கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடுவதால் 'இன்வர்ட் தேதி' என்று இன்னொரு ஃபீல்டு வேண்டும்.

டிசிக்கும் இதே வழி. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். டிசி ஃபோல்டரில் விழுந்ததுமே 'திரும்பவில்லை' என்ற டேக், சரக்கு வந்ததும் ஸ்டோர்காரர் அதை எடுப்பார். சட்டக் கெடு ஓராண்டு என்றாலும் 30ஆவது நாளே ஒரு மெயில் வரட்டும். ஒரு மாதம் டையிங்கில் துணி கிடந்தால் வரிக்கு முன்னால் ஷிப்மென்ட் போய்விடும்.

ஃபைல்கள் எந்தப் பெயரில், எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட வேண்டும் என்பதையும் டெம்ப்ளேட்டாகக் கொடுக்கலாம். ஆண்டை அப்படியே போட்டால் ஜனவரி–டிசம்பர் கணக்கில் பிரிந்துவிடும். மாதம் நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் இந்த ஆண்டு, இல்லையென்றால் முந்தைய ஆண்டு என்று ஒரு நிபந்தனை எழுதினால் ஆடிட்டர் கேட்கும் ஏப்ரல்–மார்ச் கணக்குக்கு வந்துவிடும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 பில்கள் என்றால் 2031 டிசம்பர் முடியும் வரை. அதனால் அழிக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், எக்ஸ்போர்ட் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். டையிங் பில்லை மட்டும் எடுத்து ஃபோல்டர், ஜிஎஸ்டி எண், இன்பாக்ஸ், பாஸ் வரை ஒரு மாதம் ஓட்டுங்கள். இன்பாக்ஸில் அக்கவுண்டன்ட் எதையெல்லாம் கையால் திருத்துகிறார் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்து எந்த விதியை எழுத வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். க்யூஆர் ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகு.

டாலியில் தானாக என்ட்ரி விழவைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். டாலிபிரைம் எக்ஸ்எம்எல் வடிவில் வவுச்சரை வாங்கிக்கொள்ளும், வழக்கமாக 9000ஆம் போர்ட்டில். க்யூஆரிலிருந்து வந்த, பாஸ் ஆன, 'இரட்டை' டேக் இல்லாத பில்களுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். வரியைப் பிரிக்கும் விவரம் க்யூஆரில் இருக்காது, மொத்தத் தொகைதான் இருக்கும். ஆகவே பார்ட்டி, பில் நம்பர், தேதி, தொகை நிரம்பிய, உறுதிசெய்யும்வரை கணக்கில் சேராத ஆப்ஷனல் வவுச்சராக அது உள்ளே போகட்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரிப்பதும் வவுச்சரை உறுதிசெய்வதும் அக்கவுண்டன்ட் கையில் இருக்கட்டும்.